பள்ளி முகவரிக்கே எழுதவும்

மத்திய சிறை, திருச்சி
17.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அத்தானுக்கும் பெலிண்டாவுக்கும் எப்படி இருக்கிறது? மார்கழிக் குளிருக்கு உன் முட்டிவலி ஏறியிருக்கும். மாடிப்படி ஏறாதே என்று எழுதலாம், ஆனால் உன் பத்தாம் வகுப்பை மாடியில்தானே வைத்திருக்கிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. பி.ஏ. பாஸ். சமூகவியலில் எல்லாப் பேப்பரும் ஒரே மூச்சில் தேறிவிட்டேன். நீ அனுப்பிய புத்தகங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தாயே, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே கரையேறினேன். இங்கே ஒரு வார்டர், "ஏங்க ரெஜிஸ், இனிமே உங்கள சார்னு கூப்பிடணுமா?" என்று கேட்டார். "கூப்பிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன்.

அடுத்தது, பிப்ரவரி 12 திங்கட்கிழமை விடுதலை. முதுகுவலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை ஊசியில் போய் முடிந்து, அந்த ஊசிக்காகக் காவிரிப் பாலத்தில் ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை அறுத்தேனே, அந்த ரெஜிஸ் உள்ளே போனான். அவர் கீழே விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது போகவும் வேண்டாம். ஆனால் வெளியே வருகிறவன் ஆறு வருஷமாக எதையும் தொடாதவன், அக்கா. நம்பு.

பெலிண்டாவுக்கு என் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறாயா? ஒரு வரிகூட அவள் எழுதியதில்லை. வெட்கமாக இருக்கும், புரிகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தாய்மாமன் ஜெயிலுக்குப் போனால் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவள் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அதற்காகத்தான் மனுஷனாகத் திரும்பி வருகிறேன்.

இத்தனை வருஷமும் நீ சொன்னபடி பள்ளி முகவரிக்கே எழுதினேன். இனிமேல் வீட்டுக்கே எழுதலாம், இல்லையா?

உன் பட்டதாரித் தம்பி,
ரெஜிஸ்


லால்குடி
30.12.2023

அன்புத் தம்பி ரெஜிசுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நாங்கள் மூவரும் சுகம். கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போனது. உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்துப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்து டீச்சர் என்னவென்று கேட்டார்கள், சாக்பீஸ் தூசி என்று சொல்லிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் உன் மார்க் பட்டியலைத் தெருவெல்லாம் காட்டியிருப்பாள்.

விடுதலையானதும் நேராக லால்குடிக்கு வந்துவிடாதே. கொஞ்ச நாள் திருச்சியிலேயே தங்கு. பதறாத காரியம் சிதறாது. அத்தானிடம் நான் பேசிப் பக்குவப்படுத்த வேண்டும். பெலிண்டாவிடம் எல்லாம் சொல்லித்தான் இருக்கிறேன். அவள் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு நேரமே இல்லை.

பன்னிரண்டாம் தேதி வாசலுக்கு வரப் பார்க்கிறேன். பார்சலில் இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன். உன் பழைய அளவு. இப்போது தொளதொளவென்று இருக்கலாம்.

கடிதம் மட்டும் இப்போதைக்குப் பள்ளி முகவரிக்கே எழுது. உறையின் பின்னால் உன் பெயர் வேண்டாம்.

பாசத்துடன்,
பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வெயில் மட்டும் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. உன் முட்டி எப்படி? அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

நீ வருவாய் என்று சிறை வாசலுக்கு எதிரே டீக்கடையில் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரே கடைசியில், "யாராச்சும் வரணுமாங்க?" என்று கேட்டார். "வருவாங்க, டீச்சர், லீவு கிடைக்கணும்" என்றேன். கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம்.

சம்ரீன் என்று ஒரு பெண் வந்து கூட்டிப்போனார். அவருடைய தம்பி மாத்திரையால் செத்தவன். அதற்குப் பிறகு எங்களைப் போல மீண்டு வந்தவர்களைச் சேர்த்து ஒரு மன்றம் நடத்துகிறார். மேலூர் ரோட்டில் எனக்கு மாடி அறை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ராஜகோபுரத்துக்குப் பின்னால் சிலுவை போட்ட ஒரு வேதக்காரன் குடியிருக்கிறான், பார்த்துக்கொள். வீட்டுக்காரர், "பூண்டு வெங்காயம் மட்டும் சேர்க்கப்படாது, மத்தபடி க்ஷேமமா இருங்கோ" என்றார். சிறைச் சோறு தின்றவனுக்குப் பூண்டு ஒரு பிரச்சினையா?

பகலில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். உள்ளே கைதிகளுக்கு எழுதிப் பழகிய கை. தபால் வழியில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்திருக்கிறேன். சாயங்காலம் மன்றம். எங்கள் பகுதியில் ஒரு மருந்துக் கடைக்காரன் டாக்டர் சீட்டே கேட்காமல் வலி மாத்திரையைப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கொடுக்கிறான். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கப்போகிறோம். ஆனால் பையன்களின் அம்மாமார் வாயைத் திறந்தால்தானே? "எம்புள்ள நல்லவங்க, சளி மாத்திரைதான் போடறான்" என்கிறார்கள். மறைக்காதீங்க, மறைச்சா பிள்ளை செத்துப் போகும் என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன்.

போன் வாங்கிவிட்டேன். நம்பர் கீழே. உன் நம்பரை அனுப்பு. பெலிண்டாவின் குரலைக் கேட்க வேண்டும்.

உன்,
ரெஜிஸ்


லால்குடி
21.4.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை. நீ வெளியே வந்த அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன், லீவு தரவில்லை.

போன் வேண்டாம். வீட்டில் என் போனை எல்லோரும் எடுப்பார்கள். கடிதம்தான் நமக்குச் சரி. இத்தனை வருஷம் பழகியதுதானே.

பெலிண்டாவுக்கு ஒரு இடம் பேசுகிறோம். திண்டுக்கல். பையன் பெயர் ஜோஸ்வின், வங்கியில் வேலை. கோவிலும் குடும்பமுமாக இருக்கிற மனிதர்கள். அவன் அம்மா ரொம்ப விசாரிக்கிறவர்கள். இந்த நேரத்தில் நீ பேப்பரில், டிவியில் முகம் காட்டாமல் இருந்தால் நல்லது. மன்றம், மனு எல்லாம் நல்ல காரியம்தான். பின்னால் இருந்து செய்.

உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்கு ஆண்டவருக்கு நன்றி. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், வீட்டுக்காரர் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பூண்டு இல்லாத கஷாயம். பிழைத்துக்கொண்டேன்.

பெலிண்டாவுக்கு இடம் அமைகிறது என்றதும் தலைகால் புரியவில்லை. நிச்சயதார்த்தம் எப்போது? தாய்மாமன் சீர் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. சின்னக்கடை வீதியில் ஒரு பட்டுப்புடவை பார்த்து வைத்திருக்கிறேன், மாம்பழ மஞ்சள். அவளுக்கு மஞ்சள் பிடிக்குமா? பதினேழு வயதில் பிடித்தது இப்போதும் பிடிக்குமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளியில் பேசினேன். முந்நூறு பிள்ளைகள். எப்படி விழுந்தேன், யாரைக் கீழே தள்ளினேன், எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு பையன், "உங்க வீட்டுல உங்கள சேத்துக்கிட்டாங்களா சார்?" என்று கேட்டான். "எங்க அக்கா ஒரு நாளும் என்னைக் கைவிடல" என்றேன். கைதட்டினார்கள். எல்லாப் பள்ளியிலும் என் பேச்சு அந்த வரியில்தான் முடிகிறது.

மனு கொடுத்துவிட்டோம். ராசாத்தி என்று பூக்கட்டுகிற அம்மா ஒருவர். ஆறு மாதமாக வாய் திறக்காதவர், கலெக்டர் முன்னால் போய், "எம்புள்ளதாங்க மாத்திரை போடறான். எம்புள்ளயக் காப்பாத்துங்க" என்று உரக்கச் சொன்னார். பின்னாலேயே ஒன்பது அம்மாமார் எழுந்து நின்றார்கள். கடைக்குச் சீல் வைத்தாயிற்று. பேப்பரில் படம் வந்தது. நான் ஓரமாகத்தான் நின்றேன். ஆனாலும் பெயரைப் போட்டுவிட்டார்கள். வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பெருமையாக இல்லையா உனக்கு?

ரெஜிஸ்


லால்குடி
29.8.2024

ரெஜிசுக்கு,

நலம். படம் பார்த்தேன். உன் முகம் நன்றாகத் தெரிகிறது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாணம் ஜனவரி 22. புடவை எல்லாம் வாங்கி அனுப்பாதே. வேளை வரும்போது நானே கூப்பிடுகிறேன். அதுவரை ஊர்ப்பக்கம் வராதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்
3.11.2024

அக்காவுக்கு,

உன் நலத்தை விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நேற்று உன்னைப் பார்த்தேனே, நலமாகத்தான் இருந்தாய். என் நலத்தை நீ விசாரிக்கத் தேவையில்லை. எனக்கு நித்திய இளைப்பாற்றி கிடைத்துவிட்டது.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமல் ஏழு வருஷம். உன்னிடம் கேட்டால் வராதே என்பாய். யாருக்கும் தெரியாமல் பின்வரிசையில் நின்று பூசை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் ஊருக்கு பஸ் ஏறினேன். தாடி நரைத்து, பாதி உடம்பாகிவிட்ட என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலப் பூசை. முடிவில் உபதேசியார் மரித்தவர்கள் பட்டியலை வாசித்தார். குடும்பம் குடும்பமாக எழுதிக் கொடுத்த பெயர்கள். "பேட்ரிசியா டீச்சர் குடும்பத்தார் நினைவுகூரும் லூர்துசாமி, அந்தோணியம்மாள்." என் கண் நிறைந்தது. அடுத்த பெயரையும் வாசித்தார். "ரெஜிஸ்."

ஜனங்கள் எல்லோரும், "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்றார்கள். பழக்க தோஷம், அக்கா. என் வாயும் சேர்ந்து சொன்னது. என் ஆத்துமாவுக்காக நானே வேண்டிக்கொண்டேன்.

வேறு யாரோ ரெஜிசாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். சுண்ணாம்பு அடிக்கிற சின்னையா அங்கே பூப்போட்டுக்கொண்டிருந்தார். கல்லில் அம்மா பெயருக்குக் கீழே என் பெயர். இறப்பு 14.3.2018. அது எனக்குத் தீர்ப்புச் சொன்ன நாள். சின்னையா என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார். "தூரத்துச் சொந்தம்" என்றேன். "சின்னவரு பாம்பேயில அடிபட்டுப் போயிட்டாருங்க. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்களாம். டீச்சரம்மா வருசா வருசம் வந்து அப்படி அழுவாங்க, பாக்க முடியாது" என்றார்.

அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். நான் பக்கத்துக் குடும்பத்தின் பெரிய கல்லறைக்குப் பின்னால் ஒதுங்கினேன். எதற்கு ஒதுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்தடி தூரம்கூட இராது. பெலிண்டா எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! அம்மாவின் நெற்றி. மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். மூன்றாவதை ஏற்றும்போது அழுதாள். எனக்காக அழுகிற பிள்ளையை நான் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே. பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, "காத்துல அணையுது பாரு, பாத்துக்க" என்றாய்.

ஆறு வருஷம் சிறையில் இருந்தேன். அங்கே என்னை ஒருவரும் சாகடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பரீட்சை எழுத விட்டார்கள். நீதான் குழி தோண்டினாய், அக்கா. அதுவும் பீடத்தில், பூசையில், ஆண்டவர் பெயரால்.

ஏன் என்று மட்டும் எழுது. பள்ளி முகவரிக்கே அனுப்புகிறேன், பயப்படாதே.

ரெஜிஸ்


லால்குடி
24.11.2024

என் தம்பிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் போய்விட்டது. உன் உடம்பு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பார்த்தேன். உன்னைத்தான் பார்த்தேன்.

அத்தான்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பொய். நான்தான். தீர்ப்பு நாளில் கோர்ட்டுக்கு வந்தேன், உனக்குத் தெரியாது. உள்ளே வரத் துணிவில்லை. வாசலில் வக்கீல் குமாஸ்தாவிடம் ஏழு வருஷம் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன். பெலிண்டாவுக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலிலேயே நின்று, "ஏம்மா அழுவுறீங்க?" என்று கேட்டாள். "மாமா போயிட்டாங்கம்மா" என்று வாயில் வந்தது. வேலைக்கு நீ பம்பாயில் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ரெஜிஸ், உன்னைக் கைது செய்த நாளிலிருந்து உனக்காக எனக்கு வெட்கப்படத்தான் முடிந்தது. செத்துவிட்டாய் என்று சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழ முடிந்தது.

ஒரு நிமிஷத்துப் பொய். மறுநாளே திருத்தியிருக்கலாம். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அதற்குள் ஊரில் தெரிந்து, சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் முப்பதாம் நாள் பூசை. அப்புறம் கல்லில் பெயர் போடவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். இறந்தவனுக்குச் செய்கிறதை எல்லாம் செய்யாவிட்டால் பொய் வெளியாகிவிடும். ஒவ்வொன்றாகச் செய்தேன். உண்மை தெரிந்த அத்தான் ஏன் இப்படி என்று கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது சம்பந்தி வீட்டில், "தாய்மாமன் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றேன். அதைப் பொய் என்று இப்போது சொன்னால் கல்யாணம் நிற்கும். அவள் உயிரையே அவன் மேல் வைத்திருக்கிறாள்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஜனவரி 22 வரை. பெலிண்டாவுக்காக.

பாவி,
பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்
1.12.2024

அக்காவுக்கு,

மழை விடாமல் பெய்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தேன். நீ எனக்காக நிஜமாகவே அழுதாய் என்பதுதான் என்னைக் கொல்கிறது. வெறுத்திருந்தால் பரவாயில்லை. புத்தகம் அனுப்பினாய், சட்டை அனுப்பினாய், ஜெபமாலை சொன்னாய், மண்ணையும் போட்டாய்.

ஒரு மாதமாக எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. கடைசி வரியை என்னவென்று சொல்வேன்? நேற்று ராசாத்தியம்மா வந்தார். பையன் பத்து வாரமாக மாத்திரையைத் தொடவில்லையாம். "நீங்க சொன்னீங்களே சார், மறைச்சா பிள்ள செத்துப் போகும்னு. அதான் எழுந்து நின்னேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சம்ரீனிடம் எல்லாம் சொன்னேன். "நேரா கல்யாணத்துக்குப் போயி நில்லுங்க" என்கிறார். அவர் தம்பி நிஜமாகவே செத்தவன். அவருக்குச் சொல்ல உரிமை உண்டு.

ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்றிய முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவள் மணவறையில் வைத்து ஒரு செத்தவன் எழுந்து வர வேண்டாம். சரி. வரமாட்டேன். வாயைத் திறக்கமாட்டேன். ஒன்பது அம்மாமாரை எழுந்து நிற்கவைத்தவன் உனக்காக உட்கார்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன்னால் பெலிண்டாவிடம் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம், ஊருக்கு வேண்டாம். அவளுக்கு மட்டும். உயிரோடு இருக்கிறவனுக்காக அவள் இன்னொரு தடவை அழக்கூடாது. இதையாவது செய்.

ரெஜிஸ்


லால்குடி
27.1.2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையில் கல்யாணம் குறைவில்லாமல் முடிந்தது. எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன். பொண்ணு ரொம்ப அழகாக இருந்தாள். அத்தானின் பெரியப்பா மகன் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார்.

அவளிடம் சொல்லவில்லை. டிசம்பரில் சொல்லலாம் என்றிருந்தேன், கோவிலில் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்த நேரம். ஜனவரியில் வீடு நிறைய ஜனம். முதல் நாள் மருதாணி வைத்துக்கொண்டு என் மடியில் படுத்திருந்தாள், அப்போதும் வாய் வரவில்லை.

ஆனால் உனக்காக ஒன்று செய்தேன். கல்யாணம் முடிந்த மறுநாளே கொத்தனாரை அனுப்பி, கல்லறையில் உன் பெயரைச் சிமெண்ட் பூசி மறைத்துவிட்டேன். வருகிற நவம்பரில் பட்டியலிலும் கொடுக்கமாட்டேன். இனி அந்தக் குறை உனக்கு இல்லை.

பள்ளி முகவரிக்கே எழுது.

பேட்ரிசியா


திண்டுக்கல்
16.2.2025

திரு. ரெஜிஸ் அவர்களுக்கு,

மாமா என்று எழுத ஆரம்பித்தேன். கை போகவில்லை. நலமா என்று கேட்பதா என்றும் தெரியவில்லை. உங்களைப் பற்றி நான் கடைசியாகக் கேட்ட உடல்நலச் செய்தி உங்கள் மரணம்தான்.

நான் பெலிண்டா.

மறுவீட்டுக்குப் போனபோது நானும் ஜோஸ்வினும் தாத்தா, பாட்டி, உங்கள் ஆசீர்வாதம் வாங்க மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனோம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார்கள், வெயிலாக இருக்கிறதாம். போனால், உங்கள் பெயர் இருந்த இடத்தில் புதுச் சிமெண்ட். யாரோ நாசம் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்து நான் கத்தினேன். சின்னையா, "டீச்சரம்மாதாங்க பூசச் சொன்னாங்க" என்றார். அம்மாவை அங்கேயே நிற்கவைத்துக் கேட்டேன். சொல்லிவிட்டார்கள். ஜோஸ்வின் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் கேட்டுவிட்டு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா பொண்ணு வேணாம்னு போயிருப்பேன்னு நெனச்சீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளியில் அம்மா பூட்டி வைத்திருந்த உங்கள் கடிதங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து ஒரே நாளில் படித்தேன். எல்லாவற்றிலும் பெலிண்டா எப்படி இருக்கிறாள், பெலிண்டாவுக்கு மஞ்சள் பிடிக்குமா என்று இருக்கிறது. ஒன்றில்கூட "அன்புள்ள பெலிண்டா" இல்லை. ஜெயிலில் இருந்தபோது உங்களுக்கு வேறு வழியில்லை, சரி. ஒரு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் இருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி பஸ்ஸில் அரைமணி நேரம்.

அம்மா மேல் எனக்கு இருக்கிற கோபம் தீர வருஷங்கள் ஆகும். அது எங்களுக்குள். உங்களைக் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பத்தடி தூரத்தில் நின்றீர்களாமே. நான் அழுவதைப் பார்த்தீர்களாமே. பார்த்துவிட்டு பஸ் ஏறி, அம்மாவுக்குக் கடிதம் எழுதினீர்கள். ஒரு அடி முன்னால் வந்திருந்தால் நான் பயத்தில் அலறியிருப்பேன். அப்புறம் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்டிருக்கவே மாட்டேன். அதன் பிறகும் கல்யாணம் வரை செத்தே இருக்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். எனக்காகவாம். என்னிடம் சொல்லும் வேலையையும் அம்மாவிடமே விட்டீர்கள். என்னைக் கேட்டீர்களா?

ஊரெல்லாம் மறைக்காதீங்க என்று பேசுகிறீர்கள். நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். நான் நர்ஸ், போதை மீட்பு வார்டில் வேலை பார்த்தவள், உங்களைப் போன்றவர்கள் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்வினின் அம்மாவிடம் சொன்னேன். நேற்று ஊர்ச் சாமியாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அப்பாவின் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். என் தாய்மாமன் உயிரோடு இருக்கிறார், ஜெயிலில் இருந்தார், இப்போது படிக்கிறார் என்று. நீங்கள் இனிமேல் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து போகலாம். யாரும் பேய் என்று ஓடமாட்டார்கள். இதை உங்களுக்காகச் செய்யவில்லை. என் வீட்டில் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னால் குடித்தனம் பண்ண முடியாது.

என்னைப் பார்க்க மட்டும் இப்போது வராதீர்கள். பதினேழு வயதிலிருந்து ஒரு மாமாவுக்காக அழுதிருக்கிறேன். பரீட்சைக்குப் போகும்போதும், முதல் சம்பளம் வாங்கியபோதும், மணவறைக்குப் போகும் முன்னாலும் அவரிடம்தான் வேண்டிக்கொண்டேன். அவர் எனக்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. செத்துப்போன அந்த மாமா மேல் நான் உயிராக இருந்தேன். அவரை விட்டுவிட்டு உங்களிடம் வர எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

பெலிண்டா